எண்பதுக்கு மேல போகாது சார்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு சவாரி. மதுரை ஏர்போர்ட், ஏழு இருபதுக்கு விமானம். மூன்றரைக்கு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டேன். பார்ட்டி பெட்டியோடு இறங்கி வரும்போது நாலு பத்து. கயத்தாறு பக்கம் சாலைப்புதூர் டோல்கேட் தாண்டியதும் பின் சீட்டிலிருந்து குரல் வந்தது.

"டிரைவர், ரோடு காலியாத்தானே கிடக்கு? கொஞ்சம் மிதிங்களேன்."

"மிதிச்சிக்கிட்டுத்தான் சார் இருக்கேன். லாக் இருக்கு. எண்பதுக்கு மேல போகாது."

அவர் எட்டி மீட்டரைப் பார்த்தார். நம்பவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு வெள்ளை போர்டு கார் சர்ரென்று எங்களைத் தாண்டிப் போனது. "அவன் போறானே?" என்றார்.

அது சொந்த வண்டி, இது மஞ்சள் போர்டு. வெள்ளை போர்டுக்கு 2019 ஜூலையிலிருந்து பீப் சத்தம் மட்டும்தான். எண்பதைத் தாண்டினால் விட்டு விட்டு அடிக்கும், நூற்றிருபதைத் தாண்டினால் விடாமல் அடிக்கும். என் மச்சான் வண்டியில் பீப் வந்தால் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவான். எங்களுக்கு அந்த வசதி இல்லை. 2015-ல் லாரி, பஸ்ஸுக்கு என்று வந்த ஸ்பீடு கவர்னர் சட்டம், அதாவது இந்த லாக், அப்புறம் டாக்சியையும் பிடித்துக்கொண்டது. இப்போது ஷோரூமிலிருந்து வரும்போதே லாக்கோடுதான் வருகிறது. ஸ்கூல் பஸ், டேங்கர், டிப்பர் இதற்கெல்லாம் அறுபதுதான். அவர்கள் பாடு இன்னும் மோசம்.

லாக் எப்படி இருக்கும் என்று ஓட்டாதவர்களுக்குச் சொல்கிறேன். 78, 79 வரைக்கும் வண்டி நம் பேச்சைக் கேட்கும். மீட்டரில் 83 காட்டும்போது போனில் மேப்பைப் பார்த்தால் சரியாக 80 இருக்கும். அந்த இடத்தில் இஞ்சின் காது கேட்காத மாதிரி ஆகிவிடும். ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. டீசலைக் குறைப்பதுதான் அதன் வேலை, பிரேக் பிடிப்பது இல்லை. அதனால் பாலத்து இறக்கத்தில் தானாக 85 தொட்டுவிடும், ஏற்றத்தில் திரும்ப அடங்கிவிடும். நாலு வழிச்சாலையில் ஒரு மணி நேரம் இப்படிக் காலை அழுத்தியே வைத்திருந்தால் கெண்டைக்கால் மரத்துப்போகும். தூக்கமும் வரும்.

நாலு வழிச்சாலையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். இரண்டு வழி ரோட்டுக்கு வாருங்கள். ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகிற ரோடு. வாசுதேவநல்லூர் தாண்டி ஒரு நாள் மத்தியானம், கேரளாவில் லோடு எடுக்கக் காலியாகப் போகிற லாரி ஒன்று எனக்கு முன்னால். காலி லாரி என்றால் எழுபதுக்குக் குறையாது. எதிரே ரோடு நீளமாகத் தெரிந்தது. இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் ஏறினேன். லாரியின் பின் சக்கரம், அப்புறம் டேங்க், அப்புறம் கேபின் கதவு. அதோடு சரி. என் வண்டி 80. அவனும் மெல்ல மெல்ல 78-க்கு வந்துவிட்டான். இரண்டு பேரும் ஜோடியாக ஊர்வலம் போகிறோம். எதிரே பஸ் ஒன்று லைட்டை அடித்துக்கொண்டு வருகிறது. லாக் இல்லாத வண்டி என்றால் ஒரு மிதி, முன்னால் போய்விடலாம். எனக்கு மிதிக்க ஒன்றுமில்லை. பிரேக் அடித்துப் பின்னால் ஒதுங்கலாம் என்றால் என் பின்னாலேயே ஒரு ஆம்னி வேன் ஒட்டிக்கொண்டு வருகிறான்.

லாரிக்காரர் புரிந்துகொண்டார். அவர் வண்டியிலும் அதே லாக்தானே. காலை எடுத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி 'போ போ' என்று காட்டினார். நான் நுழைந்த பிறகு பஸ் கடந்த இடைவெளியை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. பின் சீட்டில் இருந்த அம்மா முருகா முருகா என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது, இஞ்சினியரிங் படிக்கிற என் பையன் பேப்பர் எடுத்துக் கணக்குப் போட்டான். லாரி 74, நான் 80 என்றால் வித்தியாசம் மணிக்கு ஆறு கிலோமீட்டர். லாரியின் நீளம், என் வண்டி நீளம், முன்னும் பின்னும் இடைவெளி எல்லாம் சேர்த்து 45 மீட்டர் நான் கூடுதலாகப் போக வேண்டும். அதற்கு 27 விநாடி. அந்த 27 விநாடியில் நான் 600 மீட்டர் போயிருப்பேன், எதிரே வருகிறவனும் 600 மீட்டர் வந்திருப்பான். "அப்பா, ஒண்ணே கால் கிலோமீட்டர் ரோடு காலியா இருந்தாத்தான் நீ ஏறணும்" என்றான். அன்றிலிருந்து அந்த ரோட்டில் காலி லாரியை நான் தொடுவதே இல்லை. பின்னாலேயே போகிறேன்.

இதையெல்லாம் ஸ்டாண்டில் சொன்னால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எடுத்துருங்க அண்ணாச்சி." ஒரு ஆள் லேப்டாப்பைச் சொருகிப் பத்து நிமிஷத்தில் எடுத்துத் தந்துவிடுவார். எஃப்.சி. என்கிற வண்டித் தகுதிச் சோதனை வரும்போது திரும்பப் போட்டுக்கொள்வார்கள். பிரேக் இன்ஸ்பெக்டருக்கு வேண்டியது சான்றிதழும் அன்றைக்கு வேலை செய்கிற லாக்கும். மறுநாள் யார் பார்க்கப்போகிறார்கள்?

நானும் முந்தைய வண்டியில் எடுத்தவன்தான். மறைக்க ஒன்றுமில்லை. அப்போது என்ன ஆனது என்றால், பார்ட்டி கேட்கக் கேட்க நான் மிதித்தேன். நூறு என்றால் நூறு, நூற்றிப்பத்து என்றால் நூற்றிப்பத்து. ஒரு கல்யாணப் பார்ட்டி, முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தோளைத் தட்டித் தட்டி விரட்டினார். சாத்தூர் பக்கம் மீடியன் இடைவெளியில் டிவிஎஸ் எக்செல்லில் ஒருவர், முன்னால் புல்லுக்கட்டு, குறுக்கே வந்துவிட்டார். வண்டி 105-ல் இருந்தது. டயர் தேய்ந்த வாசனை காருக்குள் வந்தது. புல்லுக்கட்டு சரிந்து ரோடெல்லாம் புல். ஆளுக்கு ஒன்றுமில்லை, எனக்கும் ஒன்றுமில்லை. பெரியப்பா இறங்கி அந்த ஆளைத் திட்டினார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் நாலு நாள் தூங்கவில்லை.

எனக்கு முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல வராது. இது என் குறை. காசு கொடுக்கிறவர் அவசரம் என்றால் என் கால் தானாக இறங்கும். இந்த வண்டி வாங்கியபோது லாக்கைத் தொடவேண்டாம் என்று முடிவு செய்தது அதனால்தான். சட்டத்துக்குப் பயந்து இல்லை. நான் சொல்ல முடியாததை வண்டி சொல்லட்டும் என்றுதான்.

ஆனால் அதற்காக இந்த லாக் புத்திசாலி என்று சொல்லமாட்டேன். கோவில்பட்டிக்குள் பள்ளிக்கூட வாசலில் 70-ல் போனாலும் அது வாயைத் திறக்காது. அதற்குத் தெரிந்தது ஒரே நம்பர். ஜெர்மனியில் இருக்கிற என் அக்கா மகன் சொன்னான், அங்கே 2024 ஜூலையிலிருந்து விற்கிற புது கார் எல்லாமே ரோட்டோரப் போர்டைக் கேமராவில் படித்து, ஐம்பது என்றால் ஐம்பதைத் தாண்டியதும் எச்சரிக்குமாம். அழுத்தி மிதித்தால் விட்டுவிடுமாம். "நல்லதுதானே?" என்றேன். "எங்க நல்லது, மாமா? முன்னாடி போற லாரி முதுகுல ஒட்டியிருக்கிற 80-ஐப் படிச்சிட்டு நூத்திமுப்பது ரோட்டுல கத்துது. தினமும் வண்டி எடுத்ததும் ஆஃப் பண்றதுதான் முதல் வேலை. மறுநாள் அதுவா ஆன் ஆயிடும்" என்றான். சிரித்துவிட்டேன். நம் ஊர் லாரி முதுகில் 80, 40, ஹாரன் அடி, பெற்றோர் ஆசி எல்லாம் எழுதியிருக்கும். கேமரா எதைப் படிக்கும்?

சரி, அந்த ஏர்போர்ட் சவாரி. விருதுநகர் தாண்டும்போது பார்ட்டி தூங்கிவிட்டார். கப்பலூர் டோலில் விழித்து மணி பார்த்தார். ஆறு இருபத்தைந்துக்கு இறக்கிவிட்டேன். பெட்டியை எடுத்துக் கொடுக்கும்போது கேட்டார், "இந்த லாக்கை எடுக்க முடியாதா?"

"முடியாது சார், கம்பெனியிலயே போட்டு வர்றது" என்றேன்.

பாவம், நம்பிவிட்டார். திரும்பும் சவாரிக்கும் என் நம்பரை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.