நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம்

"நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம். ஸ்டெம் செல்லோட சேர்த்து அழற்சிக்கும் மருந்து தர்றாங்களாம்."

தண்டுவடத்தில் அடிபட்டுக் கால் செயலிழந்த கணவரின் காலிப்பர் (காலைத் தாங்கும் கருவி) பட்டையை இறுக்கிக்கொண்டே சொன்னார் அந்த அம்மா. நகையை அடகு வைத்தாயிற்று, அடுத்த வாரம் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய செல்) ஊசி. ஆறு மாதம் ஆகியும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

நான் சொன்னது வேறு. இல்லை, அதையேதான் சொன்னேன்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், ஸ்டெம் செல் போட்டால் கால் வருமா என்று கேட்டிருந்தார். வழக்கமாக "இன்னும் ஆராய்ச்சியிலதான்மா இருக்கு" என்று நகர்ந்துவிடுவேன். அன்று கூட்டம் குறைவு. இவர் காதீட்டர் (சிறுநீர்க் குழாய்) போடுவதை ஒரே தடவை பார்த்துக் கற்றுக்கொண்டவர். சரி, ஒழுங்காகவே சொல்வோம் என்று உட்கார்ந்தேன். தண்டுவடம் நசுங்குவதோடு சேதம் நிற்பதில்லை. சில மணி நேரத்திலேயே வெள்ளை அணுக்கள் வந்து குவிந்து, தப்பித்த நரம்பையும் கெடுக்கும். அந்த அழற்சிக்குள் செல்லை விட்டால் பெரும்பாலும் செத்துப்போகும். அதனால்தான் அழற்சியை அடக்கும் மருந்தையும் செல்லையும் சேர்த்துக் கொடுத்து எலிகளிடம் சோதிக்கிறார்கள். செய்யாறு பக்கத்துக்காரர் என்பதால், "எரியுற வயல்ல நாத்து நட்டா நிக்குமா? முதல்ல தீயை அணைக்கணும்ல" என்றேன். அவர் முகம் தெளிந்தது. எனக்கும் திருப்தி.

எலி என்று சொன்னேன், நிச்சயமாகச் சொன்னேன். ஆனால் அவர் மனதில் நின்றது நாற்றுதான்.

சொல்லாமல் விட்டதும் உண்டு. சோழிங்கநல்லூரில் சாரத்திலிருந்து அவர் கணவர் விழுந்து அப்போதே எட்டு மாதம். தீ அணைந்து தழும்பு கட்டிவிட்ட இடம் அது. ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் முடிவு சொன்ன சோதனையில், அடிபட்டு 14 முதல் 28 நாள் ஆனவர்களுக்குத்தான் செல் வைத்தார்கள். மொத்தம் நான்கு பேர், அதில் இருவருக்கு முன்னேற்றம். தீயை அணைப்பதும் லேசில்லை. 8 மணி நேரத்துக்குள் மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற அழற்சி அடக்கும் மருந்தைப் போட்டால் பலன் என்று 1990-இல் பெரிய நம்பிக்கை வந்தது; 2013-இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அது வேண்டாம் என்றது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். நாள் கணக்கைச் சொன்னால், "அப்போ நாங்கதான் லேட் பண்ணிட்டோமா?" என்று கேட்டுவிடுவாரே என்று பயந்தேன். வாயடைத்த காரணம் இரக்கம்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கேள்விக்கு முன்னால் நிற்கத் தைரியமில்லாததும் காரணமாக இருக்கலாம்.

பட்டையை இறுக்கிய அன்று பதறிப்போய்ச் சொன்னேன்: ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம்) 2017 விதிப்படி இது ஆராய்ச்சியாக மட்டுமே நடக்கலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கவே கூடாது என்று. அவர் கோபப்படவில்லை. "காசு வாங்காம எங்க மேடம் போடுறாங்க? சொல்லுங்க, அங்கேயே போறோம்" என்றார். எட்டு மாதம் ஆனவருக்கு எந்த இடத்தைச் சொல்வது? குனிந்து அவர் கணவரின் குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். பார்க்க வேண்டிய நேரமே இல்லை அது.

எப்படியும் போயிருப்பார்கள், நீ சொன்னதால் இல்லை என்கிறார் என் சீனியர். இருக்கலாம். ஆனால் விற்றவர்கள் சொன்னதை அவர் நம்பியதற்கு என் வயல் கதையும் ஒரு சாட்சியாகிவிட்டதே.

ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். கால் அப்படியேதான் இருந்தது. பயணமெல்லாம் உட்கார்ந்தே போனதில் முதுகின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் படுக்கைப் புண். எவ்வளவு கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. புண் ஆற ஏழு வாரம் ஆனது. அதுவரை நடைப்பயிற்சிக்கான பேரலல் பார் பக்கமே அவர் கணவர் போகவில்லை.

போன வாரம் வேறொரு பையனின் அப்பா அதே கேள்வியைக் கேட்டார். பையன் அடிபட்டு இருபது நாள்தான் ஆகிறது. "இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு ஐயா" என்று சொல்லி நகர்ந்தேன். எதையோ மறைக்கிறேன் என்பது போல அவர் கதவு வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.