கத்திக் கோடு விழுந்த தட்டுதான் எனக்கு வேண்டும்

பழைய பியூட்டர் தட்டு ஒன்று கையில் கிடைத்தால் நான் முதலில் பார்ப்பது அதன் நடுப்பகுதியைத்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ அதில் இறைச்சியை வைத்து அறுத்த கத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓட வேண்டும். கோடே இல்லாமல் வழவழவென்று மின்னினால், பெரும்பாலும் யாரோ மெஷினில் போட்டுத் தேய்த்திருப்பார்கள், அல்லது அது அவ்வளவு பழையதே இல்லை. எனக்கு இரண்டுமே வேண்டாம். சாப்பாட்டு மேசைக்காகச் செய்த பாத்திரம் மேசையில் புழங்கிய அடையாளத்தோடு வர வேண்டும், என் வீட்டிலும் மேசைக்குத்தான் வர வேண்டும், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்க நான் எதையும் வாங்குவதில்லை.

தெரியாதவர்களுக்கு: பியூட்டர் என்பது பெரும்பகுதி வெள்ளீயம், அதைக் கெட்டிப்படுத்தக் கொஞ்சம் செம்பு, ஆன்டிமனி, பிஸ்மத் மாதிரி ஏதாவது. பழைய காலத்து மலிவுச் சரக்கில் காரீயமும் சேரும், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம்தான் என்பதால், இதை வெறுமனே அடுப்பில் ஏற்றினால் என்ன ஆகும் என்று நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். சூடான தோசைக்கல்லைக்கூட இதன் மேல் வைக்காதீர்கள்.

நான் சேர்ப்பது இங்கிலாந்துப் பியூட்டர். இங்கேயே இருக்கிறேன், சந்தைகளில் கிடைக்கிறது, அதோடு இந்த ஊரில் இந்தத் தொழிலுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. லண்டன் பியூட்டர் தொழிலாளர் சங்கம் 1348-லேயே எந்தப் பாத்திரத்துக்கு எந்த உலோகம் என்று விதி வகுத்துவிட்டது. தட்டு, தாம்பாளம் எல்லாம் வெள்ளீயத்தில் செம்பு சேர்த்த நல்ல உலோகத்தில்தான் செய்ய வேண்டும், காரீயம் கலந்தது வேறு சில சாமான்களுக்கு மட்டும். ஒவ்வொரு பட்டறைக்காரரும் தன் முத்திரையைச் சங்கத்தில் இருந்த ஒரு பலகையில் அடித்துப் பதிவு செய்ய வேண்டும். 1666 லண்டன் பெருந்தீயில் பழைய பலகைகள் போய்விட்டன. அதற்குப் பிறகு 1668-ல் புதிதாகத் தொடங்கிய ஐந்து பலகைகள் இன்றும் லண்டனில் சங்கத்தின் வசம் இருக்கின்றன, ஆயிரத்துக்கும் மேற்பட்ட முத்திரைகளோடு. உங்கள் தட்டின் பின்னால் உள்ள மங்கிய முத்திரையை அந்தப் பலகையின் படத்தோடு ஒப்பிட்டு, இன்னார் பட்டறை என்று கண்டுபிடிக்க முடிந்தால் அந்தச் சந்தோஷமே தனி.

இவ்வளவு செய்தும் பழைய சரக்கு இன்று குறைவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, காரணம் எளிது. நெளிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ பழையதைக் கொடுத்து, எடைக்கு விலை கழித்துப் புதியது வாங்கிக்கொண்டு போவார்கள், பட்டறைக்காரர் பழையதை உருக்கி மறுபடி வார்த்துவிடுவார். அப்புறம் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெட்ஜ்வுட் போன்றவர்களின் பீங்கான் வந்து வீட்டு மேசையிலிருந்து பியூட்டரைத் தள்ளிவிட, மதுக்கடைக் குவளையும் அளவைகளும்தான் அதற்கு மிச்சம்.

என்னிடம் உள்ளதில் எனக்கு மிகப் பிடித்த தட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்பதரை அங்குலம் இருக்கும், விளிம்பில் ஒரே ஒரு வரி மேடு. திருப்பிப் பார்த்தால் கடைசல் பிடித்த வட்ட ரேகைகள் மெல்லிசாகத் தெரியும், விளிம்புக்கும் அடிக்கும் நடுவில் வளைகிற இடத்தில் மட்டும் வரிசை வரிசையாகச் சுத்தியல் தட்டின தடம். வார்த்த தட்டு அந்த வளைவில்தான் பலவீனமாக இருக்கும், அதனால் அங்கே அடித்து இறுக்குவார்கள். அந்தத் தடத்தை விரலால் தடவிப் பார்த்து வாங்குவது என் பழக்கம், கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். விளிம்பின் மேல்பக்கத்தில் மூன்று எழுத்து முக்கோணமாக அடித்திருக்கிறது: மேலே ஒரு 'டபிள்யூ', கீழே 'டி'யும் 'எம்'மும். மேலே இருப்பது குடும்பப் பெயர், கீழே கணவன் மனைவி இருவரின் பெயர் முதலெழுத்து. நம் ஊரில் கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவது மாதிரியேதான், இவர்கள் இரண்டு பேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். பேர் தெரியாத அந்த 'எம்' இந்தத் தட்டை எத்தனை தரம் கழுவியிருப்பாள் என்று நான் நிஜமாகவே யோசிப்பதுண்டு.

குவளைகள் விஷயம் வேறு. அவற்றில் படிக்க நிறைய இருக்கிறது. 1826-ல் நாடு முழுக்க ஒரே அளவு என்று இம்பீரியல் அளவு நடைமுறைக்கு வந்தது, அதற்குப் பிறகு மதுக்கடைக் குவளையை அளவு சரிபார்த்து விளிம்புக்குக் கீழே கிரீடமும் அரசரின் எழுத்துகளும் அடிப்பார்கள். ஆட்சி மாறிய பிறகு மறுபடி சோதித்தால் இன்னொரு முத்திரை. விக்டோரியா, எட்வர்ட், ஜார்ஜ் என்று ஒரே பைன்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) குவளையில் மூன்று ஆட்சி வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். 1879 முதல் எந்த மாவட்டத்தில் சோதித்தார்கள் என்பதற்கு எண்ணும் சேர்ந்தது. யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கக் கடைப் பேரையும் உரிமையாளர் பேரையும் வெட்டி வைப்பார்கள், அந்த மாதிரிக் குவளை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். கண்ணாடி அடி வைத்த குவளையைக் காட்டி, கடற்படைக்கு ஆள் பிடிக்க உள்ளே நாணயம் போடுவார்கள், அதைப் பார்க்கத்தான் கண்ணாடி என்று வியாபாரி கதை சொல்வார். கேட்டுக்கொள்ளுங்கள், அதற்காக ஒரு பவுண்டு கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

கொஞ்சம் பிந்தைய சரக்கு என்றால் ஷெஃபீல்டில் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிளம்பிய பிரிட்டானியா மெட்டல் இருக்கிறது. அதுவும் வெள்ளீயம், ஆன்டிமனி, செம்புதான், காரீயம் கிடையாது. ஆனால் வார்க்காமல் தகடாக உருட்டிச் செய்வதால் மெல்லிசு, கையில் எடுத்தாலே தெரியும். டீ பாட் வாங்க ஆசை என்றால் இதைப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிபர்ட்டி கடை 'டூட்ரிக்' என்ற பெயரில் விற்றது இன்னொரு உலகம். ஆர்ச்சிபால்ட் நாக்ஸ் வடிவமைத்த கெல்டிக் பின்னல் வேலைப்பாடு உள்ளவை என் பைக்கு எட்டாதவை, அருங்காட்சியகத்தில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறேன். மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறவர்களுக்கு இவ்வளவு தூரம் வர வேண்டிய வேலையே இல்லை. யோங் கூன் என்ற சீனக் கைவினைஞர் 1885-ல் கோலாலம்பூரில் தொடங்கிய தொழில்தான் இன்றைய ராயல் செலங்கோர், அந்தப் பெயர் வந்தது 1992-ல். அதனால் 'செலங்கோர் பியூட்டர்' என்று மட்டும் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்கு முந்தையது. தினமும் புழங்க அருமையான சரக்கு.

சரி, காரீயம். சங்கம் விதி போட்டாலும் எல்லாரும் எப்போதும் கடைப்பிடித்தார்கள் என்று நம்ப முடியாது, முக்கியமாக மதுக்கடைச் சாமான்களில். தட்டின் ஓரத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தால் காரீயம் அதிகம் என்று அர்த்தம். கோடு விழாவிட்டால் காரீயமே இல்லை என்று அர்த்தம் இல்லை, அதை மறக்க வேண்டாம். அதனால் பழைய தட்டு எதிலும் நான் ஈரமான உணவை நேராக வைப்பதில்லை. எலுமிச்சை, புளி, தக்காளி, தயிர் பக்கத்திலேயே வரக் கூடாது. பழைய தட்டின் மேல் பீங்கான் தட்டை வைத்துத்தான் பரிமாறுவது, அடியில் அகலமாகத் தெரியும் அந்தச் சாம்பல் வளையம் வெள்ளைப் பீங்கானை எடுத்துக் கொடுக்கிற அழகுக்காகவே இதைச் செய்யலாம். தோலோடு உள்ள ஆரஞ்சு, ஓட்டோடு உள்ள வால்நட் வைக்கலாம். உப்புக் கிண்ணத்துக்குள் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று வேண்டும், உப்பு பியூட்டரை அரித்துக் குழி போட்டுவிடும். குடிக்க வேண்டும் என்றால் காரீயம் இல்லாத புதுக் குவளை, பழையதில் பூ வையுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இதில் சமரசமே கூடாது.

சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மெத்தென்ற துணி, உடனே துடைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். டிஷ்வாஷரில் போட்டால் கறுத்துப்போகும். அந்தக் காலத்துக்காரர்கள் குதிரைவால் என்ற செடியைக் கொத்தாகப் பிடித்துத் தேய்ப்பார்கள், அதில் இயற்கையாகவே சிலிக்கா இருக்கிறது. அவர்கள் பளபளப்பாகத்தான் வைத்திருந்தார்கள் என்று ஒரு கட்சி, அந்த மங்கல் சாம்பல்தான் வயதின் நிறம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது. அமிலத்தில் முக்கியெடுத்த தட்டு மட்டும் எந்தக் கட்சிக்கும் உதவாது, சொரசொரவென்று செத்துப்போன மாதிரி இருக்கும். இன்னொன்று, ஓக் அலமாரியில் வரிசையாக நிறுத்திய படம் எல்லா இடத்திலும் பார்ப்பீர்கள். திறந்த அலமாரி என்றால் பரவாயில்லை, மூடிய ஓக் இழுப்பறையில் மட்டும் வைக்காதீர்கள், அந்த மரத்திலிருந்து வரும் அமில ஆவி காரீயம் உள்ளதை அரிக்கும்.

புதிதாகத் தொடங்குகிறவர் முதலில் ஒரு தட்டு வாங்குங்கள், குவளை பிறகு. வட்டார ஏலங்களில் 'கலந்த பியூட்டர்' என்று ஒரு பெட்டி முழுக்க வைத்து விற்பார்கள், அதில் நசுங்கியதுக்கு நடுவே நல்ல தட்டு ஒன்று கிடக்கும், மற்றவர்கள் மேலே இருக்கும் பளபளப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நியூவார்க், ஆர்டிங்லி பழம்பொருள் சந்தைகளில் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். 'மேட் இன் இங்கிலாந்து' என்றோ 'இங்கிலீஷ் பியூட்டர்' என்றோ முழு வார்த்தையாகப் பொறித்திருந்தால் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று வைத்துக்கொண்டு அதற்கேற்ற விலை கேளுங்கள். குவளை என்றால் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள், அங்கே வேறு நிறத்தில் கட்டி கட்டியாக ஈயப் பற்று தெரிந்தால் வீட்டில் யாரோ ஒட்டியது. அதைத் திருத்திக் கொடுக்கிறவர்கள் இப்போது ரொம்பக் குறைவு, வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.