டேட்டனில் இல்லாத ஒரு விமானத்தைப் பார்க்கப் போனேன்

நேற்று ராத்திரிதான் கொலம்பஸ் திரும்பினேன். கால் வலி இன்னும் விடவில்லை, ஆனாலும் இப்போதே எழுதிவிட வேண்டும், இரண்டு நாள் போனால் இந்தச் சூடு இருக்காது. ஓஹையோ மாநிலத்தில் டேட்டன் போவது எப்படி, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன், ஆனால் முதலில் அந்த டாக்ஸி.

பஸ் ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இறங்கிய இடத்தில் நின்றிருந்த டாக்ஸிக்காரர் விமானப்படை அருங்காட்சியகத்துக்கு 25 டாலர் என்றார், சரி என்று ஏறினேன். இறங்கும்போது ஞாயிற்றுக்கிழமை, ராணுவத் தளப் பக்கம், திரும்பி வர சவாரி கிடைக்காது என்று அடுக்கி 45 கேட்டார். அருங்காட்சியகம் தளத்தின் காவலுக்கு வெளியேதான் இருக்கிறது! வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை, கொடுத்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக் காசு அது. ஏறும்போதே தொகையைக் கைப்பேசியில் தட்டிக் காட்டி ஒப்புக்கொள்ள வையுங்கள்.

உள்ளே போக ஒரு காசு கிடையாது. கார் நிறுத்தவும் இலவசம். உலகத்தில் இவ்வளவு பெரிய இடத்தை யார் சும்மா காட்டுகிறார்கள்?

"ஒரு பழைய விமானத்துக்காகவா தனியா பஸ்ல போற?" என்று அக்கா கேட்டாள். பழைய விமானம் என்றாலும் பரவாயில்லை, நான் தேடிப் போனது அங்கே முழு விமானமாக இல்லவே இல்லை. பார்லிங் பாம்பர். ராணுவம் வைத்த பெயர் எக்ஸ்.என்.பி.எல்.-1: சோதனை, இரவு, குண்டுவீச்சு, நெடுந்தூரம் என்று நான்கு சொற்களும் அந்த எழுத்துகளுக்குள்ளேயே இருக்கின்றன. எதிரி நாட்டுக்குள் இருட்டில் நெடுந்தூரம் போய்க் குண்டு போட ஒரு ராட்சதன் வேண்டும் என்று அமெரிக்க ராணுவ விமானப் பிரிவின் துணைத் தலைவர் பில்லி மிச்சல் பிடிவாதமாக நின்று செய்ய வைத்தது. வடிவமைத்தவர் வால்டர் பார்லிங். அவர் இங்கிலாந்தில் இதற்கு முன் வடிவமைத்த டாரன்ட் டேபர் என்ற பெரிய விமானம் 1919 மே மாதம் ஃபார்ன்பரோவில் முதல் தடவை ஓடும்போதே மூக்குக் குத்தி விழுந்தது, விமானிகள் இருவரும் இறந்துபோனார்கள். பார்லிங் பாம்பருக்கு 10 சக்கரம் வைத்து, அதில் இரண்டை மூக்குக் குத்தாமலிருக்க முன்னால் தள்ளி வைத்தார்கள். ஃபார்ன்பரோவை அந்த மனிதர் மறக்கவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

நியூ ஜெர்சியில் பாகம் பாகமாகச் செய்து ரயிலில் கொண்டுவந்து இங்கே டேட்டன் பக்கத்தில்தான் பூட்டினார்கள். மூன்றடுக்கு இறக்கை, 120 அடி அகலம், ஆறு லிபர்ட்டி எஞ்சின், முழுப் பாரத்தோடு 19 டன். 1923 ஆகஸ்ட் 22 அன்று ஹரால்ட் ஹாரிஸ் முதன்முதலாக ஓட்டினார், பார்லிங்கும் கூடவே ஏறினார். இந்த ஹாரிஸ் அதற்குப் பத்து மாதம் முன்புதான் இதே டேட்டன் வானத்தில் உடைந்த விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தவர். அவரே மறுபடியும் இதில் ஏறியிருக்கிறார், என்ன நெஞ்சு!

சரி, அருங்காட்சியகத்தில் என்னதான் பார்த்தேன்? ஆரம்பகாலக் கூடத்தில் மார்ட்டின் எம்.பி.-2 நிற்கிறது, பழைய வரைபடங்களை வைத்துக் கட்டிய பிரதி. அதன் இன்னொரு பெயர் என்.பி.எஸ்.-1, அதாவது இரவு, குண்டுவீச்சு, குறுந்தூரம். நான் தேடி வந்ததன் தம்பி. அதன் கீழே முக்கால் மணி நேரம் நின்றேன். இறக்கைக்கு இறக்கை கட்டைகள், கம்பிகள், எங்கே பார்த்தாலும் கம்பி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதற்கு எஞ்சின் இரண்டுதான், வேகம் மணிக்கு 159 கிலோமீட்டர். ஆறு எஞ்சின் வைத்த பார்லிங் 154-ஐத் தாண்டவில்லை. கூட்டிய சக்தியை எல்லாம் மூன்றாவது இறக்கையும் அதன் கட்டையும் கம்பியும் காற்றில் இழுத்துத் தின்றுவிட்டன. குண்டு ஏற்றினால் 274 கிலோமீட்டர்தான் போகும், டேட்டனிலிருந்து சிகாகோகூட எட்டாது, பெயரிலோ நெடுந்தூரம். வாஷிங்டனில் காட்டக் கிளம்பியபோது அப்பலாச்சியன் மலையைத் தாண்ட முடியாமல் திரும்பிவிட்டது. 525,000 டாலர் விழுங்கியதற்கு 'மிச்சலின் முட்டாள்தனம்' என்று பெயர் வைத்தார்கள்.

எனக்கு அந்தப் பெயரில் உடன்பாடே இல்லை. அவ்வளவு பெரிய உடம்பு பத்திரமாக எழும்பிப் பறந்து, பாரம் தூக்குவதில் சாதனைகளும் படைத்தது. எத்தனை பெரிதாகக் கட்டலாம், எது வேலைக்கு ஆகாது என்று கட்டிப் பார்க்காமல் யாருக்குத் தெரிந்திருக்கும்?

மதியம் வெளியே நினைவுப் பூங்காவில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன். அமெரிக்கா வந்த மூன்று வாரத்தில் இதற்கு ஈடாக எதுவும் சாப்பிடவில்லை, நல்லெண்ணெய் வாசனைக்கு அடுத்த பெஞ்சில் இருந்தவர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். உள்ளே சாப்பிட்டிருந்தால் 15 டாலராவது போயிருக்கும்.

பார்லிங் பாம்பரை எரித்த கதையை நினைத்தால்தான் ஆறவில்லை. 1929-இல் ராணுவ அதிகாரி ஹாப் ஆர்னால்ட் இதை எரிக்க அனுமதி கேட்டார். காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், சிலருக்கு இன்னும் இதன்மேல் ஆசை இருந்ததால் மறுத்துவிட்டார்கள். உடனே, கழற்றி எடுத்தது போக மிச்சத்தை எரிக்கலாமா என்று மாற்றி எழுதிக் கேட்டு அனுமதி வாங்கி, கொளுத்திவிட்டார். பின்னாளில் அமெரிக்க வான்படைக்கே தலைவரான மனிதர்! ஒரு இறக்கையையாவது வைத்திருக்கலாம்.

மீதி விவரம்: காலை 9 முதல் மாலை 5 வரை, நான்கு பெரிய ஹேங்கர் (விமானக் கொட்டகை), உள்ளே வெளிச்சம் குறைவு. ஒரு நாள் போதாது. ரைட் சகோதரர்கள் பறந்து பழகிய ஹஃப்மன் ப்ரெய்ரி பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இன்னொரு டாக்ஸிக்குக் காசு இல்லை.

கிளம்பும் முன் கார் நிறுத்துமிடத்தில் 120 அடியை அளந்து நடந்தேன். பதிமூன்று கார்கள் வரிசையாக நிற்கும் இடம் அது. கடைசிக் காருக்குப் பக்கத்தில் நின்று திரும்பி முதல் காரைப் பார்த்தேன், ஒரே இறக்கை அது.