கம்பைல் ஆகிவிட்டது, கணினிதான் கண்டுகொள்ளவில்லை

யூஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச வேண்டிய ஒரு கருவி பேச மறுத்தால், எங்கள் பிரிவில் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பார்கள். பிறகு நிரலைச் சந்தேகிப்பார்கள். அதற்கும் பிறகு சால்டரிங்கை. நிரலைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் அமைப்புகள் மீது சந்தேகம் விழுவது கடைசியில்தான். நிரலில் ஒரு வரி மாறினால் அதை இன்னொருவர் படித்துப் பார்க்கும் வழக்கம் எங்களிடம் உண்டு. ஆனால் புராஜெக்ட் பண்புகளின் ஏதோ ஒரு பெட்டிக்குள் யாரோ எப்போதோ தட்டச்சு செய்துவிட்டுப் போன ஒரு சொல்லை யாரும் படிப்பதில்லை.

பெங்களூரு பீன்யாவில் அளவைக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள் இருக்கும் சிப்பில் ஓடும் நிரல், எழுதுகிறேன். எங்கள் அறையில் பெரும்பாலோர் தமிழர்கள்; மின்னஞ்சல் ஆங்கிலத்தில், ஸ்டோர்ஸோடு பேச்சு கன்னடத்தில், பிழை தேடுவது மட்டும் தமிழில். வெப்பநிலையைப் பதிவு செய்யும் எங்கள் பழைய கருவி ஒன்று மைக்ரோசிப்பின் பிக் 18எஃப்4550 சிப்பில் ஓடுகிறது. அதன் நிரல் சி18 கம்பைலருக்காக எழுதப்பட்டது. வாடிக்கையாளர் அந்தக் கருவியை விடுவதாக இல்லை. நாங்களோ பழைய கம்பைலரை விட்டாக வேண்டிய நிலையில் இருந்தோம். ஆகவே நிரலை மைக்ரோசிப்பின் எம்பிலேப் எக்ஸ் என்ற நிரல் எழுதும் சூழலுக்கும் எக்ஸ்சி8 என்ற புதிய கம்பைலருக்கும் மாற்றும் வேலை, தூத்துக்குடியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருந்த தம்பியிடம் கொடுக்கப்பட்டது.

தொடக்கத்தில் வந்தவை எல்லாம் கோப்பு கிடைக்கவில்லை என்ற வகைப் பிழைகள். யூஎஸ்பி நூலகத்தின் தலைப்புக் கோப்புகளுக்கான பாதைகள், மூல நிரல் முன்பு இருந்த அடைவை வைத்து எழுதப்பட்டிருந்தன. எம்பிலேப் எக்ஸ் அவற்றைப் புராஜெக்ட் அடைவிலிருந்து கணக்கிடுகிறது. திரை முழுக்கச் சிவப்பாக இருந்தாலும் இவை தொல்லை தராத பிழைகள், ஏனென்றால் எந்தக் கோப்பு, எந்த வரி என்று கம்பைலரே சொல்லிவிடுகிறது. பழைய கம்பைலர் தன்னை அடையாளம் காட்ட வரையறுத்து வைக்கும் பெயரை, அதாவது மேக்ரோவை, நம்பி எழுதப்பட்ட நிபந்தனைப் பகுதிகள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போனதைக் கண்டுபிடிக்கத்தான் சற்று நேரம் பிடித்தது.

அடுத்து வந்தது @ குறி. இந்தச் சிப்பில் மொத்தம் 2048 பைட் ரேம் இருக்கிறது. அதில் ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்ணில் 400 முதல் 7எஃப்எஃப் வரை முகவரி கொண்ட 1 கிலோபைட்டை, நிரலை ஓட்டும் பகுதியும் யூஎஸ்பி வன்பொருளும் பகிர்ந்துகொள்கின்றன. யூஎஸ்பியில் தரவு போய்வரும் ஒவ்வொரு எண்ட்பாயின்ட்டுக்கும் உரிய பஃபர் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடம்) எங்கே இருக்கிறது, இப்போது அது யார் கையில் இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை வன்பொருள் ஹெக்ஸ் 400-இல்தான் தேடும்; வேறு இடத்தில் வைத்துவிட்டு அதற்குத் தகவல் சொல்ல வழியே கிடையாது. சி18-இல் இந்த இடஒதுக்கீட்டை, மாறிகளை நினைவகத்தில் வைக்கும் லிங்கருக்கான கோப்பு பார்த்துக்கொண்டது. எக்ஸ்சி8-க்காக எங்களிடம் இருந்த நூலகப் பதிப்பு, மாறியின் பெயருக்குப் பக்கத்தில் @ போட்டு முகவரியை எழுதியிருந்தது. எக்ஸ்சி8-இன் 2-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாக அமையும், சி மொழியின் சி99 தரத்தில் இந்த @ குறி செல்லாது. இரட்டை அடிக்கோடுடன் தொடங்கும் ‘அட்’ என்ற சொல்லால்தான் முகவரியைக் குறிக்க வேண்டும். கம்பைலர் அந்த வரிகளில் நின்றது. தம்பி @ குறியையும் முகவரியையும் சேர்த்தே நீக்கினார். பிழைகள் மறைந்து, சிப்பில் ஏற்றுவதற்கான ஹெக்ஸ் கோப்பு உருவானது.

“அண்ணா, கம்பைல் ஆயிருச்சு, ஆனா பிசி எடுக்க மாட்டேங்குது” என்றார். லினக்ஸ் கணினியின் கெர்னல் பதிவில், புதிய ஃபுல் ஸ்பீடு கருவி வந்திருக்கிறது என்ற வரிக்குக் கீழே, டிஸ்கிரிப்டரை (கருவி தன்னைப் பற்றித் தரும் விவரத்தை) படிக்க முடியவில்லை, பிழை -71 என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. விண்டோஸில் செருகினால் அடையாளம் தெரியாத கருவி, கோட் 43. கருவி வந்ததைக் கணினி அறிகிறதென்றால் பாதிக்கு மேல் சரியாக இருக்கிறது என்று தோன்றும். உண்மையில் அதற்குத் தேவை டி பிளஸ் கம்பியை மேலே இழுத்துப் பிடிக்கும் ஒரு மின்தடை மட்டுமே. சிப்புக்குள் வேறு எதுவும் ஒழுங்காக இல்லாவிட்டாலும் அந்த வரி வரும்.

ஓசூரிலிருந்து தினமும் வந்து போகும் எங்கள் மூத்தவர் நிரலைத் திறக்கவே சொல்லவில்லை. “மேப் ஃபைலத் திறப்பா, அந்த டேபிள் எங்க உக்காந்திருக்குன்னு பாப்போம்” என்றார். லிங்கர் எழுதித் தரும் அந்தக் கோப்பில் அட்டவணையின் பெயரைத் தேடியதும், அது ஹெக்ஸ் 100-ஐ ஒட்டிய முகவரியில் இருப்பது தெரிந்தது. லிங்கரைக் குறை சொல்ல முடியாது. காலியாக இருந்த இடத்தில் வைத்தது. யூஎஸ்பி வன்பொருளோ ஹெக்ஸ் 400-இல் யாரும் எழுதாத பைட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தது.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருந்தன. புராஜெக்ட் பண்புகளில் சி தரத்தை சி90 என்று மாற்றினால் பழைய @ குறி அப்படியே செல்லும்; ஒரே சொடுக்கில் வேலை முடியும். இன்னொன்று, அந்த வரிகளைப் புதிய முறையில் திருத்தி எழுதுவது. ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்ட் செயல்களின் அறிவிப்புகளையும் சேர்த்துத் திருத்த வேண்டும் என்பதால் மூத்தவர் முதல் வழியை விரும்பினார். நான் இரண்டாவதை வற்புறுத்தினேன். முகவரி நிரலில் இருந்தால் அதை நாளை யாராவது படிப்பார்கள்; சி90 என்ற தேர்வு ஒரு பெட்டிக்குள் இருந்தால், புராஜெக்டைப் புதிதாக உருவாக்குகிறவர் அதைத் தெரியாமலேயே தொலைப்பார், அவரும் பிழை வந்த வரியைத்தான் நீக்குவார். சற்று வாக்குவாதத்துக்குப் பிறகு வரிகளைத் திருத்தினோம். கருவி எங்கள் மேசையில் பேசத் தொடங்கியது.

உற்பத்திப் பிரிவில் பேசவில்லை. அதே நிரல், அதே வகைப் பலகை, அதே -71. “என் டேபிள்ல ஓடுதேண்ணா” என்று தம்பி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருக்கிற வாக்கியம் அது. இந்த முறை அலைக்காட்டியை எடுத்தோம். சோதனைக்காக ஒரு பின்னில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வருமாறு டைமர் நிரல் ஏற்கெனவே இருந்தது. திரையில் தெரிந்ததோ 800 ஹெர்ட்ஸ். ஐந்தில் நான்கு என்ற அந்த விகிதத்தைப் பார்த்ததுமே பாதி விடை கிடைத்துவிட்டது. சிப்புக்குத் தாளம் கொடுக்கும் கிரிஸ்டல் பழைய பலகையில் 20 மெகாஹெர்ட்ஸ். புதிய பலகையில், ஸ்டோர்ஸின் வசதிக்காக, எங்கள் மற்ற கருவிகளில் இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

இந்தச் சிப்பில் அதிர்வெண்ணைப் பெருக்கும் பிஎல்எல் தனக்குள் 4 மெகாஹெர்ட்ஸ் வர வேண்டும் என்று எதிர்பார்த்து, அதை 96 ஆக்கி, அதில் பாதியான 48-ஐ யூஎஸ்பிக்குக் கொடுக்கிறது. 20-க்கு 5 என்றும் 16-க்கு 4 என்றும் வகுப்பானை, சிப்பின் அடிப்படை அமைப்புகளைச் சொல்லும் கான்ஃபிக் பிட்டுகளில் குறிப்பிட வேண்டும். 16-ஐ 5-ஆல் வகுத்ததால் 3.2 உள்ளே போனது. 48-க்குப் பதில் 38.4 வெளியே வந்தது. ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பி பொறுத்துக்கொள்ளும் விலகல் 0.25 சதவீதம், எங்களுடையது 20 சதவீதம். நிரலில் இரண்டு கிரிஸ்டல்களுக்கும் வரிகள் சரியாகவே இருந்தன. பலகையின் பதிப்பைச் சொல்லும் மேக்ரோ இருந்தால் 4, இல்லாவிட்டால் 5. புராஜெக்டில் ஆய்வகத்துக்கு ஒன்றும் உற்பத்திக்கு ஒன்றுமாக இரண்டு கான்ஃபிகரேஷன்கள் (கம்பைல் செய்வதற்கான அமைப்புத் தொகுப்புகள்) இருந்தன, மேக்ரோவோ முதலாவதில் மட்டும் எழுதப்பட்டிருந்தது. எம்பிலேப் எக்ஸில் ஒவ்வொரு கான்ஃபிகரேஷனும் தனக்கென்று ஒரு மேக்ரோ பட்டியலை வைத்துக்கொள்கிறது என்பதை, இரண்டும் ஒரே சாளரத்தில் தெரிவதாலேயே பலரும் கவனிப்பதில்லை.

‘இல்லாவிட்டால் 5’ என்ற வரியை எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். கம்பைல் நிற்கக் கூடாதே என்ற எண்ணம். என் கணிப்பில் இந்த வகை நல்லெண்ணம்தான் எங்கள் நேரத்தை அதிகம் தின்றிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு #எரர் வரி இருக்கிறது. பலகையின் பதிப்பு சொல்லப்படாவிட்டால் ஹெக்ஸ் கோப்பே உருவாகாது. கான்ஃபிக் பிட்டுகள் எல்லாவற்றையும், யூஎஸ்பிக்கான 3.3 வோல்ட் ரெகுலேட்டரை இயக்கும் பிட் உட்பட, ஒரே கோப்புக்குக் கொண்டுவந்தோம். எக்ஸ்சி8 ஆதரிக்காத விரிவாக்கப்பட்ட கட்டளைத் தொகுதி, சி18 காலத்திலிருந்து இயக்கத்திலேயே விடப்பட்டிருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது, அதை அணைத்தோம். உற்பத்திக்குக் கொடுப்பதற்கு முன் ஹெக்ஸ் கோப்பில் 300000 என்ற முகவரியில் தொடங்கும் கான்ஃபிக் பைட்டுகளை எடுத்து ஒப்பிடும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றைத் தம்பியே எழுதினார்.

கருவியின் அடுத்த பதிப்பை 18எஃப்45கே50 சிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறோம். அதில் உள்ளேயே இருக்கும் 16 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை மூன்றால் பெருக்கி 48 ஆக்கலாம். கணினியிலிருந்து வரும் யூஎஸ்பி சமிக்ஞையை வைத்து அது தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும் என்பதால் கிரிஸ்டலே வேண்டாம். பழைய கான்ஃபிக் கோப்பை அப்படியே கொடுத்துப் பார்த்தபோது, வகுப்பானுக்கான அந்தப் பெயர் இந்தச் சிப்பில் கிடையாது என்று சொல்லிக் கம்பைலர் நின்றது. தம்பி வரியை நீக்கவில்லை. தரவுத்தாளில் கான்ஃபிக் பிட்டுகள் பற்றிய அத்தியாயத்தை அச்செடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.