‘ஈமிஸ் தெரியுமா?’ – மீன் கம்பெனியில் இருந்து பள்ளிக்கூட ஆபீசுக்கு

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; இல்லையென்றால் கீழே நான் கொட்டித் தீர்ப்பதைப் படித்துவிட்டு யாரும் பள்ளிக்கூட ஆபீஸ் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டீர்கள்.

தங்கச்சிமடம் பக்கம் ஓர் இறால், நண்டு கம்பெனியில் பல வருடம் கணக்கு எழுதினேன். படகுக்காரர்களுக்குக் கொடுத்த முன்பணம், டீசல், ஐஸ், வந்த சரக்கு, கழிவு போக எடை, எல்லாம் என் கையில்தான். டேலி, எக்செல் இரண்டும் அத்துப்படி. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் பாதிச் சம்பளம். மற்ற மாதங்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். நடுவில் நம்ம ஆட்களை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய்விட்டால் வேலைநிறுத்தம். சரக்கும் வராது, சம்பளமும் தள்ளிப்போகும். மகள் வளர்கிறாள். மாதம் பிறந்தால் கைக்குப் பணம் வருகிற வேலை வேண்டும் என்று பள்ளி ஆபீஸ்களில் தேட ஆரம்பித்தேன்.

அரசுப் பள்ளியில் இளநிலை உதவியாளர் ஆக வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வு எழுதித்தான் போக வேண்டும். 200 கேள்வி, 300 மதிப்பெண். தமிழில் 40 சதவீதம் வராவிட்டால் மீதியைத் திருத்தவே மாட்டார்கள். அதற்கும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், அது தனிக்கதை. இங்கே சொல்வது தனியார் பள்ளிகளின் படியேறி இறங்கிய கதை.

முதலில் போனது ராமநாதபுரத்தில் ஒரு பள்ளி. ‘ஆபீஸ் அட்மின் தேவை, கணினி அறிவு போதும்’ என்று விளம்பரம். முந்தின நாள் சாயங்காலமே போன் போட்டு உறுதி செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். பாம்பன் பாலம் தாண்டி, மண்டபம், உச்சிப்புளி எல்லாம் கடந்து போய் இறங்கினால், ‘தாளாளர் மதுரைக்குப் போயிட்டாங்க, இன்னொரு நாள் வாங்க’ என்றார் வாட்ச்மேன். ஆபீசுக்குள் யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த முறை போனபோது நிர்வாக அலுவலரான ஏ.ஓ. சார் என் பயோடேட்டாவை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

“மீன் கணக்கு வேற, பிள்ளைக கணக்கு வேறம்மா. ஈமிஸ் தெரியுமா?”

“பழகிக்குவேன் சார்.”

“பழகிட்டு வாங்க.”

எங்கே போய்ப் பழகுவது? ஈமிஸ் என்பது பிள்ளைகளின் விவரங்களைப் பதிகிற கல்வித்துறை இணையதளம்; பள்ளிக்கென்று தரப்பட்ட யுடைஸ் எண்ணோடு சேர்ந்த லாகின் வேண்டும். பள்ளிக்குள் உட்கார்ந்திருப்பவர்தான் திறக்க முடியும். வெளியே இருப்பவர் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது. இதற்காக ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விசாரித்தேன். ‘ஸ்கூல் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்று ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கிறதாம், கட்டணமும் கொஞ்சநஞ்சமில்லை. ஈமிஸ் திறந்து காட்டுவீர்களா என்று கேட்டேன். “யூடியூப் வீடியோ போட்டுக் காட்டுவோம் மேடம்” என்றார்கள். அதை வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த பள்ளி ஈமிஸ் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நாளைக்கே வரச் சொன்னார்கள். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்று என் தம்பி சொல்வான், சந்தேகப்படத்தான் செய்தேன். சம்பளம் 9,000, முதல் மாதச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள், காலையில் வேனில் போய்ப் பிள்ளைகளை ஏற்றி வர வேண்டும், ஆசிரியை வராத நாளில் வகுப்பில் போய் உட்கார வேண்டும். இதெல்லாம் போகட்டும். கடைசியில், “பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி, டைப்ரைட்டிங் எல்லா ஒரிஜினலையும் குடுத்துட்டுப் போங்க, பாதியில நின்னுட்டா எங்களுக்குக் கஷ்டம் பாருங்க” என்று மேடம் ஒரு பச்சை ஃபைலை நீட்டினார். அதில் ஏற்கனவே யார் யாருடைய சான்றிதழ்களோ இருந்தன. மேலே இருந்ததில் ஒரு பெண்ணின் போட்டோ தெரிந்தது. சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக இருந்தால் இப்போதே பாருங்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது.

தயவுசெய்து ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள். நகல் கொடுங்கள், ஒரிஜினலைக் கண்ணால் பார்க்கட்டும், உங்கள் எதிரிலேயே திருப்பித் தரட்டும். நாளைக்குக் குரூப் 4 சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கூப்பிட்டால் அந்தப் பச்சை ஃபைலுக்காக யார் வாசலில் போய் நிற்பது?

அரசு உதவிபெறும் பள்ளியில் கிளார்க் இடம் இருக்கிறது, சில லட்சம் ஆகும் என்று ஒரு புரோக்கரும் வந்தார். அந்த இடத்தை நிரப்பக் கல்வித்துறை கொடுத்த அனுமதிக் கடிதத்தைக் காட்டுங்கள் என்றேன். அப்புறம் ஆளைக் காணோம். நிர்வாகம் நியமித்தாலும் துறை ஒப்புதல் வராமல் அரசுச் சம்பளம் வராது. நகையை அடகு வைக்கும் முன்னால் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் அனுபவச் சான்று. எல்லாப் பள்ளியும் கேட்டது. முதலாளியிடம் போய் நின்றேன். நல்ல மனுஷர்தான், என் மகள் காது குத்துக்கு வந்து மோதிரம் போட்டவர். ஆனால் காகிதம் என்றதும் பயந்துவிட்டார்.

“ஏத்தா, நீ போறேன்னா போ. பேப்பர் மட்டும் கேக்காத. நாளைக்கு பி.எஃப்.காரன் வந்து நின்னா யாரு பதில் சொல்றது?”

சம்பளம் கையில்தான் வாங்கினேன், வங்கிப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. இத்தனை வருட வேலைக்கு ஒரு தாள் இல்லை. கடைசியில் நானே எழுதிக் கொண்டுபோனேன். சம்பளம் எவ்வளவு என்ற பேச்சே அதில் இல்லை. ‘எங்களிடம் கணக்குப் பணி, கணினிப் பதிவுகள், பணம் கையாளுதல் ஆகியவற்றை நேர்மையுடன் செய்தார்’ என்று மூன்று வரி, எந்த வருடத்தில் இருந்து எந்த வருடம் வரை என்று ஒரு வரி. அவர் படித்தார், மறுபடி படித்தார், கணக்குப்பிள்ளையிடமும் கொடுத்துப் படிக்கச் சொன்னார், பிறகு முத்திரை குத்தினார். உங்கள் முதலாளியும் தயங்கினால் இப்படிச் செய்து பாருங்கள். சம்பளத் தொகை இல்லாத கடிதம் என்றால் கை கொஞ்சம் இளகும்.

இனிஷியல் கூத்து ஒன்று இருக்கிறது, கல்யாணமான பெண்களுக்கு மட்டும் புரியும். சான்றிதழில் அப்பா இனிஷியல், ஆதாரில் வீட்டுக்காரர் இனிஷியல். ‘ரெண்டும் ஒரே ஆள்னு எப்படி நம்புறது?’ என்று ஒரு பள்ளியில் கேட்டே விட்டார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டி ஆதாரைத் திருத்தினேன். வாழ்நாளில் இரண்டு முறைதான் ஆதாரில் பெயர் மாற்றலாம் என்பதால் எழுத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள்.

இப்போது ஈமிஸுக்கு வருகிறேன். வழி கிடைத்தது தடைக்காலத்தில்தான். படகு கரையில் நிற்கிற ஏப்ரல், மே, ஜூன் மாதங்களில்தான் பள்ளி ஆபீஸ்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. ரிசல்ட், டி.சி., புதுச் சேர்க்கை எல்லாம் ஒன்றாக வந்து விழும். மகள் படிக்கிற உதவிபெறும் பள்ளியில் கிளார்க் இடம் காலி. சிஸ்டர் ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருந்தார்.

“தடை முடியுற வரைக்கும் நான் வந்து உக்காரட்டுமா சிஸ்டர்?”

“சம்பளம் தர முடியாதேம்மா.”

“வேலை கத்துக் குடுத்து, ஒரு லெட்டர் தாங்க சிஸ்டர். அது போதும்.”

அங்கேதான் கற்றேன். லாகின் சிஸ்டருடையது, பக்கத்தில் அவரும் இருப்பார், நான் தட்டுவேன். பிள்ளையின் பெயரைப் பழைய பள்ளி ஈமிஸில் ‘காமன் பூல்’ என்ற பொதுப் பட்டியலில் விட்டால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஃபீஸ் பாக்கி என்று விடாமல் இழுத்தடிக்கும் பள்ளிகளோடு போனில் மல்லுக்கட்டுவதே பாதி வேலை. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியோ உதவிபெறும் பள்ளியோ டி.சி. வரவில்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். சேர்க்கைப் பதிவேட்டில் ஒயிட்னர் தொடக் கூடாது. அடித்து எழுதி, பக்கத்தில் தலைமையாசிரியர் சுருக்கொப்பம் வாங்க வேண்டும். பிறந்த தேதியை ‘ஒரு வருஷம் கூட்டிப் போடும்மா’ என்று சொந்தக்காரரே வந்து கெஞ்சினாலும் பதிவேட்டில் இருப்பதுதான். காலை பத்து மணிக்கு மேல் சர்வர் நகராது. சிஸ்டர் ஏழரைக்கே வந்து உட்காரும் ரகசியம் அது.

ஜூன் கடைசியில் சிஸ்டர் கொடுத்த கடிதத்தோடு இப்போதைய பள்ளிக்குப் போனேன். நேர்காணல் சுமுகம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் மாட்டியிருப்பேன். பெற்றோருக்குச் சுற்றறிக்கை ஒன்றைத் தமிழில் அடித்துக் காட்டச் சொன்னார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது வானவில் எழுத்துரு, பழைய டைப்ரைட்டர் விசை. எனக்கு முன்னால் வந்த பெண் போனில் தமிழைச் சரசரவென்று அடிக்கிறவர், பாவம், இதில் ‘அன்புள்ள’வுக்கே தடுமாறினார். எப்போதோ அம்மா கட்டாயப்படுத்தி முடிக்கவைத்த தமிழ் டைப்ரைட்டிங் லோயர் எனக்குக் கைகொடுத்தது. சான்றிதழை விட விரல் முக்கியம், முடிந்தால் போனில் அடிக்கிற முறை, டைப்ரைட்டர் முறை இரண்டையும் பழகி வையுங்கள்.

சேர்ந்ததும் முதல் சண்டை ஃபீஸ் தேதிக்காக. பள்ளி திறந்ததும் முதல் தவணை கட்டச் சொல்லியிருந்ததால் பாதிப்பேர் கட்டவில்லை. தாளாளருக்குக் கோபம். விசைப்படகில் கடலுக்குப் போகிற வீடுகளில் ஜூன் 14 வரை ஒரு ரூபாய் வராது; தடை முடிந்து போகிற படகு கரைக்கு வந்து, கம்பெனியில் பட்டுவாடா ஆனால்தான் கையில் காசு என்று சொன்னேன். “ஒவ்வொருத்தருக்கும் ஒரு தேதியா?” என்றார். எந்த வீடு விசைப்படகு, எந்த வீடு நாட்டுப்படகு, எந்த வீட்டில் ஐஸ் கம்பெனிக் கூலி என்று எக்செலில் பிரித்துக் கொடுத்தேன். விசைப்படகு வீடுகளுக்கு மட்டும் அடுத்த வருடம் தவணையை ஜூலைக்குத் தள்ளலாம் என்று அரைமனதாக ஒப்புக்கொண்டார். மீன் கணக்கு வேற என்ற அந்த ஏ.ஓ. சார் இதைக் கேட்டிருக்க வேண்டும்.

சம்பளம் கம்பெனியில் வாங்கியதைவிட 2,000 குறைவு. ஆனால் ஐந்தாம் தேதிக்குள் வங்கியில் விழுகிறது. நியமனக் கடிதம்தான் இன்னும் கைக்கு வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ‘அடுத்த வாரம்’ என்கிறார்கள். இந்த மாதம் எழுத்தில் கேட்கப் போகிறேன், நகலில் தேதியோடு பள்ளி முத்திரையும் வாங்கிக்கொண்டு. முத்திரை இருப்பது என் மேசை டிராயரில்தான்.