மூன்று ஞாயிறுகளும் உடைந்த ஒரு ஸ்டட்டும்

என் 1967 மோரிஸ் மைனரைக் காலையில் கிளப்பினால் தையல் இயந்திரம்போல ‘டிக் டிக்’ என்று சத்தமிடும்; எஞ்சின் சூடேறியதும் அடங்கிவிடும். வால்வு இடைவெளிதான் காரணம் என்று ஓராண்டு என்னையே ஏமாற்றிக்கொண்டேன். எஞ்சின் புகையைத் திரட்டி வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் நடுவில் கரிக்கோடு தெரிந்த பிறகே புரிந்தது, அதற்கும் எஞ்சினுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் வழியே புகை கசிகிறது.

அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் இந்த வேலையெல்லாம் கூடாது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒரு மூலை கொடுத்தார்.

இந்த 1098 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்களுக்கும் புகை வெளியேற மூன்றே வாய்கள். நடுவாயை இரண்டாவதும் மூன்றாவதும் பங்குபோட்டுக்கொள்வதால் அங்கேதான் கொதிப்பு அதிகம். காற்று உள்ளே போகும் குழாயும் அதே பக்கத்தில், அதே கேஸ்கெட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அந்தக் குழாயோடு இணைந்த, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரும் இறங்கியாக வேண்டும்.

முதல் ஞாயிறு பேட்டரி இணைப்பையும் கார்புரேட்டரையும் கழற்றி, பெட்ரோல் குழாயை அடைத்து, நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் அடித்ததோடு சரி. வாரநடுவில் போய் மறுபடி அடித்தேன்.

இரண்டாம் ஞாயிறு அரையங்குல அறுகோண சாக்கெட்டைப் போட்டேன். அசையவில்லை. இங்கே பழங்கார் திட்டத்தில் பதிந்த வண்டியை ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் இறக்கலாம். மற்ற நாளெல்லாம் வண்டி இந்த ஈரக்காற்றில் நிற்கிறது. நின்றே பிடித்த துரு இது. அண்ணன் எட்டிப் பார்த்தார். “தம்பி, முதலில் கொஞ்சம் இறுக்கு, பிறகு தளர்த்து” என்றார். நட்டைத் தீயில் காட்டி, மெழுகுவத்தியைத் தேய்க்கச் சொன்னார். உருகிய மெழுகு மரைக்குள் இறங்கியது. கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஒவ்வொன்றாக இளகின. பூசைக்கு வாங்கிய மெழுகுவத்தி என்பதை வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கடைசி நட்டு கீழ்ப்பக்கம், கை நுழையாத இடம். பசி வேறு. சூடு காட்டாமல் நீண்ட கைப்பிடியைப் போட்டு இழுத்தேன். ‘டக்.’ நட்டோடு, அது ஏறியிருந்த மரையாணியான ஸ்டட்டின் முனையும் கையில் வந்தது.

மூன்றாம் ஞாயிறு சைலன்சர் குழாயின் கிளாம்பை எடுத்ததும் மேனிபோல்ட் சமர்த்தாக இறங்கியது. நடுவாயில் கேஸ்கெட் கருகிப் பொடிந்திருந்தது. பழைய கேஸ்கெட்டில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம் என்பதால் முகக்கவசம் போட்டு, தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு சுரண்டினேன்.

எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் விரல் அகலத்துக்கு ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கிறது. பிடிப்பு இடுக்கிக்கு இன்னும் மசியவில்லை. அதுவும் அடியோடு முறிந்தால் துளைபோட வேண்டும். புதிய பித்தளை நட்டுகள் வாங்கியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறேன்.