இபிஏ ரூலுக்கு கமெண்ட் போட்ட கதை

2018 ஏப்ரல் கடைசில அமெரிக்காவோட சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு இபிஏ ஒரு ரூல் ப்ரொபோஸ் பண்ணி, பொதுமக்கள் கிட்ட கமெண்ட் கேட்டாங்க. காத்து, தண்ணி மாசுக்கு லிமிட் போட எந்த ஆராய்ச்சிய நம்புறாங்களோ அதோட மூல டேட்டாவ வெளிய யார் வேணா சரிபாக்குற மாதிரி இருக்கணுமாம். படிச்சவுடனே எனக்கு சரியாத்தானே சொல்றாங்கன்னு தான் தோணுச்சு, பொய் சொல்லல. நான் பயோஸ்டாட்ஸ்ல, அதாவது மருத்துவப் புள்ளியியல்ல வேலை பாக்குறவ, டேட்டா குடுங்கன்னு அடுத்தவங்களுக்கு மெயில் போட்டுப் போட்டு அலுத்துப்போனவ.

அதனால கமெண்டோட முதல் டிராஃப்ட் ரூலுக்கு ஆதரவா தான் எழுதுனேன். கூட வேலை பாக்குற சீனியர் அக்கா படிச்சுட்டு "அப்ப சிக்ஸ் சிட்டீஸ என்ன பண்ணுவ?"ன்னு ஒரே கேள்வி. 1993ல வந்த ஹார்வர்டு ஆராய்ச்சி அது, ஆறு ஊர்ல 8000 பேருக்கு மேல வருஷக்கணக்கா ஃபாலோ பண்ணி, நுண்துகள் ஜாஸ்தியான ஊர்ல சாவும் ஜாஸ்தின்னு காட்டுனாங்க, எங்க ஒஹாயோ ஸ்டூபன்வில்ல சாவு விகிதம் விஸ்கான்சின் போர்ட்டேஜ விட 26 சதவீதம் கூட. 1997ல அந்த நுண்துகளுக்கு (பிஎம் 2.5) லிமிட் வந்ததுக்கு இது முக்கியமான ஆதாரம். ஆனா உங்க விவரம் வெளிய போகாதுன்னு வாக்கு குடுத்து வாங்குன டேட்டா, அத திறந்து காட்ட முடியாது, அப்ப இந்த ரூல்படி அந்த ஆராய்ச்சியயே நம்ப முடியாம போகும்.

பேர அழிச்சுட்டு குடுக்கலாமேன்னு கேட்டேன். பிறந்த தேதி, ஆணா பொண்ணா, அஞ்சு இலக்க ஜிப் கோடு (நம்ம பின்கோடு மாதிரி), இந்த மூணு இருந்தாலே அமெரிக்காவுல 87 சதவீதம் பேர தனியா பிரிச்சிடலாம்னு டேட்டா ப்ரைவசி ஆராய்ச்சியாளர் லதான்யா ஸ்வீனி எப்பவோ காட்டிட்டாங்கன்னு அக்கா சொன்னாங்க. நம்பாம, எனக்கு பர்மிஷன் இருந்த ஒரு டேட்டாவுல அந்த மூணு விவரத்த மட்டும் வச்சு, மூணும் ஒண்ணா இருக்குறவங்க எத்தன பேருன்னு எண்ணிப் பாத்தேன், ஸ்க்ரீன் பூரா 1, 1, 1னு ஓடுது. ஒரு சின்ன ஊர்ல 1931ல பொறந்த பாட்டி ஒருத்தங்க தான், சர்ச்ல கூட உக்காருறவங்க ஒரு நிமிஷத்துல சொல்லிடுவாங்க யாருன்னு. டிராஃப்ட அன்னிக்கு ராத்திரியே தூக்கிப் போட்டேன்.

புதுசா எழுதுனது ஏழு பக்கம். டேட்டாவ ஊருக்கே திறக்காம, ரகசியம் காப்பேன்னு கையெழுத்து போட்ட வெளி ஆளுங்க கிட்ட குடுங்க, காத்து மாசு பத்தி ஆராய்ச்சி பண்ற ஹெல்த் எஃபெக்ட்ஸ் இன்ஸ்டிட்யூட் அப்படித்தான் சிக்ஸ் சிட்டீஸ மறுபடி கணக்கு போட்டு 2000ல அதே முடிவுக்கு வந்தாங்கன்னு போட்டேன்.

கமெண்ட் போடுற முறை சிம்பிள் தான், ரெகுலேஷன்ஸ் டாட் கவ்ங்கற அரசு சைட்டுக்குப் போயி அந்த ரூலோட டாக்கெட்ட (ஃபைல) தேடணும், பாக்ஸ்ல 5000 எழுத்துக்கு மேல ஏறாது, நான் பேஸ்ட் பண்ணி பாதில வெட்டுப்பட்டு திரும்ப பிடிஎஃப்பா இணைச்சேன். கடைசில ஒரு ட்ராக்கிங் நம்பர் வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. நாம எழுதுறது எல்லாரும் பாக்குற மாதிரி இருக்கும்கறதால வீட்டு அட்ரஸ் மட்டும் போடல (எழுதுன விஷயமே அதானே!). கெடு முதல்ல மே 30, அப்புறம் ஆகஸ்ட் 16க்கு தள்ளுனாங்க, அது இல்லனா நான் முடிச்சிருக்கவே மாட்டேன். மொத்தம் கிட்டத்தட்ட 6 லட்சம் கமெண்ட் வந்துச்சாம், காப்பி பேஸ்ட் லெட்டர் ஏகப்பட்டது.

2021 ஜனவரி 6 ஃபைனல் ரூலா வந்துடுச்சு, அன்னிக்கே அமலுக்கும் வந்துச்சு. மொன்டானா கோர்ட்ல கேஸ் போட்டாங்க, பிப்ரவரி 1 ரத்து. நான் ஆசையா ஜட்ஜ்மென்ட்ட திறந்து ப்ரைவசி எங்கன்னு தேடுனேன். ஆபீஸ் உள்வேலைய ஒழுங்குபடுத்த குடுத்த அதிகாரத்த வச்சு இவ்ளோ பெரிய ரூல் போட முடியாதுங்கறது தான் விஷயமாம், பாட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.